தொண்டையில் எலும்பில்லை

கோச்சடையில் எங்கள் வாசலுக்கு வெளியே ஒரு சிமெண்டுத் தொட்டி வைத்திருந்தேன். அழகர் ஆற்றில் இறங்கும் சித்திரையில் மனிதர்க்குத் தண்ணீர்ப் பந்தல் போடுகிறோம். வாயில்லா உயிர்களுக்கும் ஒன்று வேண்டாமா என்று வைத்தது. தெருநாய்களும் வீட்டுநாய்களும் அதில்தான் குடிக்கும். பதின்மூன்று வயதான எங்கள் பெண்நாயும் உலாவி வந்தவுடன் அதில்தான் வாய் வைப்பாள்.

பக்கத்து வீட்டுக்காரர் யாத்திரை போகையில் தம் நாயை நாய்விடுதி ஒன்றில் விட்டிருந்தார். திரும்பிய மூன்றாம் நாள் அது கழுத்தை நீட்டிக் காறிக் காறி வெண்ணுரை கக்கிற்று.

"எலும்பு அடைச்சிருக்கு சாமி. சோத்து உருண்டைய முழுங்க வச்சா உள்ள போயிரும்," என்றார் அவர்.

நானும் தலையாட்டினேன். அந்தத் தலையாட்டலை இன்றளவும் என்னால் மன்னிக்க இயலவில்லை.

அடுத்த வாரம் எங்கள் நாய்க் கிழவியும் அவ்வாறே இருமினாள். காலைப் பாசுரத்தைப் பாதியில் நிறுத்தி, தயிர்ச்சோற்றை என் கையாலேயே உருட்டித் திணித்தேன். மூன்றே நாளில் உணவை மறுத்தாள், மூச்சு இரைத்தது. தூக்கிக்கொண்டு ஓடினோம்.

சோற்று உருண்டையையும் வாசல் தொட்டியையும் பற்றிச் சொன்னதும் கால்நடை மருத்துவர் கடிந்துகொண்டார். "எலும்பும் இல்ல, முள்ளும் இல்லய்யா. இது ஒட்டுவாரொட்டி. இருமுற காத்துலயும் பரவும், எச்சில் பட்ட தண்ணியிலயும் பரவும். இப்ப நுரையீரல்ல சளி கட்டிருச்சு. இதுக்குத் தடுப்பூசி போட்டீங்களா?"

"வெறிநோய் ஊசி தவறாமல் போட்டிருக்கிறேன்."

"அது வேற, இது வேற. மொதல்ல அந்தத் தொட்டியக் கவுத்துருங்க."

"தண்ணீர் தருமத்தையா நிறுத்தச் சொல்கிறீர்கள்?" என்று சீறினேன்.

"தண்ணிய நிறுத்தச் சொல்லல. எல்லா வாயும் ஒரே தொட்டியில படுறத நிறுத்தச் சொல்றேன்."

அன்றே கவிழ்த்தேன். பிறகு பக்கத்து வீட்டுக்காரரிடம், விடுதியில் வேறு நாய்கள் இருமினவா என்று கேட்டேன்.

"ரெண்டு மூணு இருமுச்சாம். ஊசி போட்ட சீட்டெல்லாம் அங்க கேக்கவே இல்ல. நாய் இருமுறதெல்லாம் ஒரு விசயமா சாமி? மனுசனே தும்முறான்!"

இதைச் சொல்லும்போதே அவர் நாய் தெருவில் கட்டில்லாமல் இருமித் திரிந்தது. இரண்டு மூன்று வாரம் உள்ளே கட்டிவைத்திருந்தால் தெருவே தப்பியிருக்கும். இருமினாலும் நலமாய்த் துள்ளுகிற நாய், கிழடுக்கும் குட்டிக்கும் எமனாகும் என்பதைக் கேட்டறிய அவருக்கும் மனமில்லை, காசு வாங்கிய விடுதிக்கும் மனமில்லை, தருமம் செய்கிறேன் என்று இறுமாந்திருந்த எனக்கும் மனமில்லை.

இருமத் தொடங்கிய பதினோராம் நாள் எங்கள் கிழவி இறந்தாள். மாலையில் அவர் துக்கம் கேட்க வந்தார்.

"வயசாயிருச்சுல்ல சாமி. பெருமாள் கூப்பிட்டுக்கிட்டாரு."

"பழியை அவன் தலையில் போடாதீர்கள்," என்றேன். "அவன் கூப்பிடவில்லை. நாம் இருவரும் அனுப்பிவைத்தோம்."

அவர் நின்றுகொண்டே இருந்தார். நான் உட்காரச் சொல்லவில்லை.