மச்சாளும் நானும் புழுப் பார்த்த மாரி

கலியாணம் முடித்துச் சாம்பல்தீவுக்கு வந்த முதல் வருடம் முழுவதும் என் கணவரின் அக்காவான மச்சாள் என்னோடு பேசவில்லை. தம்பிக்குத் தன் கணவரின் தங்கையை முடித்துவைக்க நினைத்திருந்தாராம். அது நடக்காமற்போன கோபம். எங்கள் காணிக்கும் அவருடைய காணிக்கும் நடுவில் ஒரு வரம்புதான். நான் அவரைப் பார்த்துச் சிரித்தால், மழை வருமா என்று பார்ப்பவர்போல வானத்தைப் பார்ப்பார்.

அது கோதுமை மாத் தட்டுப்பாட்டுக் காலம். பேக்கரியில் பாண் வாங்க விடியமுன்னரே வரிசையில் நிற்க வேண்டும். கையளவு நிலம் வைத்திருந்தவர்கள்கூட எதையாவது நட்டார்கள். அந்த மாரி மழைக்கு இரண்டு காணிகளிலும் சோளம் போட்டிருந்தோம். என் கணவர் துறைமுகத்து வேலைக்குக் காலையில் சைக்கிளில் போனால் பொழுதுபடத்தான் வருவார். காணி என் பொறுப்பாயிற்று. பட்டணத்தில் வளர்ந்த எனக்குச் சோளத்தை அவித்துத் தின்னும் கதிர்ப் பொத்தியாக மட்டுமே தெரியும்.

பயிர் முழங்கால் உயரம் வந்தபோது, ஒரு காலை, இலையொன்றின் குறுக்கே சின்னச் சின்ன ஓட்டைகளைக் கண்டேன். ஊசியால் குத்தியதுபோல ஒரே வரிசையில் இருந்தன. அடுத்த செடியிலும் அப்படித்தான். இன்னொன்றில் நடுக்குருத்து வாடி நின்றது. பிடித்து இழுத்தேன், கையோடு வந்துவிட்டது. அழுகிய அடியில் மண்ணிறத் தலையோடு ஒரு புழு நெளிந்தது. நான் போட்ட சத்தத்தில் மச்சாள் திரும்பிப் பார்த்தார்.

அவரிடம் சொல்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் என் பக்கம் வந்தது அவர் பக்கம் போக எவ்வளவு நேரம்? கீழே போட்ட குருத்தை நுனியில் பிடித்துத் தூக்கிக்கொண்டு வரம்படிக்குப் போனேன்.

“மச்சாள், இஞ்ச பாருங்கோ. உங்கட பக்கமும் இருக்கோ தெரியாது.”

அவர் அதை வாங்கிக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்தார், பிறகு தூரப் பிடித்தார்.

“எனக்கொண்டும் வடிவாத் தெரியேல்லை, பிள்ளை. கொஞ்ச நாளாக் கிட்ட இருக்கிறதைப் பாக்க ஏலாது. அரிசியில கல்லுப் பொறுக்கிறதும் மகள்தான்.”

அவர் என்னோடு பேசிய முதல் பேச்சு அது. அவருடைய காணிக்குள் நான் இறங்கி இலைகளைப் புரட்டிப் பார்த்தேன். அடிப்பக்கத்தில் மீன் செதில்போல ஒன்றின்மேல் ஒன்றாக முட்டைகள் படிந்திருந்தன.

“நசிச்சு விடு,” என்றார்.

“தொட ஏலாது, மச்சாள். அருவருப்பா இருக்கு.”

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “சரி, நீ காட்டு. நான் நசிக்கிறன்.”

கூட்டுறவுச் சங்கக் கடையில் பூச்சி மருந்து இல்லை. அதனால் அன்றிலிருந்து காலைதோறும் ஒன்றாக நடந்தோம். ஓரத்திலும் நடுவிலும் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் செடிகளைப் பார்ப்போம். புழு கண்ட இடத்தில் சுற்றியுள்ள செடிகள் எல்லாவற்றையும் பார்ப்போம். குருத்துச் செத்தவற்றைப் பிடுங்கி நறுக்கி அவருடைய மாட்டுக்குப் போட்டோம். மற்றவற்றின் குருத்துக்குள் மணலும் அடுப்புச் சாம்பலும் கலந்து தூவினோம். அது மச்சாள் எங்கோ கேள்விப்பட்டது. சரிவருமா என்று அவருக்கும் தெரியாது.

நடக்கும்போது கதையும் வந்தது. “அவளுக்கு மூதூரில நல்ல இடத்தில முடிஞ்சுது,” என்றார் ஒருநாள், தன் கணவரின் தங்கையைப் பற்றி. “உன்னில எனக்கு ஒரு கோபமும் இல்லை. எப்பிடிக் கதைக்கத் தொடங்கிறதெண்டுதான் தெரியேல்லை.” அடுத்த இலையைப் புரட்டினேன்.

ஒரு தண்டைப் பிளந்தபோது, செத்த புழுவின் பக்கத்தில் பஞ்சுத் துணுக்குப்போல வெள்ளைக் கூடுகள் ஒட்டிக்கிடந்தன. மச்சாள் நசிக்கப் போனார்.

“பொறுங்கோ, என்ன வருதெண்டு பாப்பம்,” என்று அதை ஒரு போத்தலில் போட்டுத் துணியால் கட்டிவைத்தேன். சில நாட்களில் போத்தல் நிறையச் செட்டை முளைத்த எறும்புபோலப் பொடிக் குளவிகள். புழுவின் உடம்பிலேயே வளர்ந்து அதைக் கொன்றவை அவைதான் என்று விளங்கியது. போத்தலைக் காணிக்குக் கொண்டுபோய்த் திறந்துவிட்டோம்.

சோளம் பூவெடுக்கும் நேரம் என் கணவர் ஒரு மாலை சந்தோஷமாக வந்தார். பூச்சி மருந்து கிடைத்திருந்தது. முதுகில் மாட்டித் தெளிக்கும் தாங்கியையும் இரவல் வாங்கி வந்திருந்தார்.

“நாளைக்கு லீவு. முழுக்க அடிச்சு விடுறன்,” என்றார்.

“முதல் பாத்திட்டு அடியுங்கோவன்,” என்றேன்.

காலையில் மூவரும் நடந்தோம். புது இலைகளில் ஓட்டையைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

“அடிக்காத, தம்பி,” என்றார் மச்சாள். “அடிச்சா அந்தக் குளவியும் சாகும்.”

“எந்தக் குளவி?” என் கணவர் எங்கள் இருவரையும் மாறிமாறிப் பார்த்தார். “நீங்க ரெண்டுபேரும் எப்ப ஒரு கட்சியானீங்க?”

தாங்கி அன்றே திரும்பிப் போனது. எனக்குள் பயம் இல்லாமலில்லை. எங்கள் கணக்குப் பிழைத்துப்போனால் என்ன செய்வோம் என்று அறுவடைவரை யோசித்தேன். சில பொத்திகளின் நுனியில் புழு இருந்தது. அதை வெட்டி எறிந்துவிட்டு அவித்தோம். மற்றவை மணி நிறைந்து வந்தன. வீட்டுக்கு எடுத்ததுபோக, பட்டணத்துச் சந்தைக்கும் அனுப்பினோம்.

அடுத்த மாரியில் பக்கத்துக் காணிக்காரர் ஒருவர் வந்து, தன் சோளத்தையும் ஒருமுறை பார்க்கச் சொன்னார். அப்போது நான் பிள்ளைத்தாய்ச்சி. குனிய முடியாது.

“நீ வரம்பில இருந்து சொல்லு,” என்றார் மச்சாள். “இலையை முறிச்சுக் கொண்டுவந்து காட்டிறன்.”