தர்ஷினி எழுதிய தாளும் காளியம்மா கொடுத்த பதிலும்

காளித்தாயின் பிள்ளைகளே, இதை இந்தச் சந்நிதியில் உங்கள் முன்னால் சொல்ல எனக்கு ஒரு வருஷம் பிடித்தது. பத்து வயதுப் பெண் குழந்தை ஒன்றின் கையை அவள் அப்பன் மேசையில் அழுத்தி வைத்து, பாரங் என்கிற நீண்ட வெட்டுக்கத்தியை ஓங்கினான். அந்த நிலைமையைக் கொண்டுவந்தவள் நான். அதை முதலில் ஒத்துக்கொண்டால்தான் மீதியைச் சொல்ல முடியும்.

நான் சிங்கப்பூரில் முப்பது வருஷம் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவள். வருஷா வருஷம் மலேசியாவில் பள்ளி விடுமுறை விட்டதும், பத்துப் பன்னிரண்டு தொண்டூழியர்களைக் கூட்டிக்கொண்டு பேராக் மாநிலத்துக்கு பஸ் ஏறுவேன். பத்து காஜா என்ற ஊரைத் தாண்டி, ஒரு காலத்தில் ரப்பர் தோட்டமாக இருந்து இப்போது எண்ணெய் தரும் செம்பனைக்கு மாறிவிட்ட இடம். அங்கே ஒரு சின்னத் தமிழ்ப்பள்ளி. இரண்டு வாரம் பிள்ளைகளுக்கு வாசிக்கவும் எழுதவும் சொல்லித் தருவோம். தோட்டத்து வழக்கப்படி முதல் நாள் காளியம்மா கோயிலில் எலுமிச்சம்பழம் வைத்து, "வந்திருக்கிறோம் தாயே" என்று சொல்லிவிட்டுத்தான் வகுப்புக்குள் நுழைவோம்.

என் வகுப்புக்கு ஒரு விதி உண்டு. பிள்ளை எழுதியதைத் திருத்தக் கூடாது, ஒதுக்கவும் கூடாது. எல்லாத் தாளையும் சுவரில் ஒட்ட வேண்டும். கடைசி நாள் பெற்றோர் வந்து பார்ப்பார்கள். அந்த விதியில் எனக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல. போன வருஷம், வகுப்பு முடிய இரண்டு நாள் இருக்கும்போது கொடுத்த தலைப்பு "எங்கள் வீட்டில் நேற்று". கடைசி நாள் காலையில் ஒரே அவசரம். ஒரு தாளைக்கூடப் படிக்காமல் அத்தனையையும் ஒட்டினேன். வாத்தியார் வேலை பார்த்தவள் செய்கிற காரியமா அது?

பெற்றோர் சுவரைச் சுற்றி நின்று படித்துச் சிரித்தார்கள். ஜன்னல் பக்கம் மட்டும் சிரிப்பு திடீரென்று நின்றது. அங்கே தர்ஷினியின் தாள் இருந்தது.

"நேற்று அப்பா அம்மா கையை அடுப்பில் வைத்தார். அம்மா கத்தவில்லை. கத்தினால் தம்பி எழுந்துவிடுவான்."

அவள் அம்மா செல்வி கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள். கையில் துணிக்கட்டு. "எண்ணெய் தெறிச்சிருச்சு டீச்சர்" என்று முந்தாநாள்தான் என்னிடம் சொல்லியிருந்தாள். நானும் மருந்து போடச் சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டேன்.

அவள் புருஷன் மணியம் அந்தத் தாளை இரண்டு முறை படித்தான். வெளியே போனான். அவமானத்தில் வீட்டுக்குப் போகிறான் என்று நினைத்தேன். மோட்டார் சைக்கிளில் செருகியிருந்த பாரங்கோடு திரும்பி வந்தான்.

"எவ எழுதச் சொன்னா? எவ?"

நேராக என்னிடம்தான் வந்தான். எங்கள் தொண்டூழியர் சுரேஷ் குறுக்கே பாய்ந்தார். வெட்டு அவர் முன்கையில் இறங்கியது. எலும்பு தெரிந்தது. சுவரில் இருந்த தாள்களில் ரத்தம் தெறித்தது. பிள்ளைகள் அலறினார்கள். பிடிக்கப் போன இரண்டு ஆண்களை நோக்கிக் கத்தியை வீசினான்; அவர்கள் பின்வாங்கினார்கள். தர்ஷினியைச் சடையைப் பிடித்து இழுத்து, அவள் வலது கையை மேசையில் அழுத்தினான்.

"எழுதுன கை இதுதானே லா? இனி எப்படி எழுதுறேன்னு பாக்குறேன்!"

நான் நின்ற இடத்திலேயே நின்றேன். வாயில் மந்திரம் வரவில்லை, பாட்டு வரவில்லை. "தாயே, எழுதச் சொன்னது நான். அவளை விடு, என் கையை எடுத்துக்கோ" என்று கத்தினேன். இவ்வளவுதான் என் பிரார்த்தனை.

அப்போது பின்னாலிருந்து ஒரு சத்தம். செல்வி எழுந்து நின்றாள். கொண்டை அவிழ்ந்து கிடந்தது. உடம்பு உதற, பல்லைக் கடித்துக்கொண்டு, நாற்காலிகளைத் தள்ளிவிட்டு வந்தாள். "சாமி! சாமி வந்திருச்சு!" என்று ஜனங்கள் கையெடுத்தார்கள். மணியத்தின் ஓங்கிய கை அப்படியே நின்றது. துணிக்கட்டு போட்ட கையாலேயே அவள் கத்தியின் அலகைப் பிடித்தாள். விரலிடுக்கில் ரத்தம் வழிந்தது. "மண்டி போடுடா!" என்றாள். அந்தக் குரலில் கட்டடமே அதிர்ந்தது. அவன் மண்டி போட்டான். ஆண்கள் பாய்ந்து அமுக்கினார்கள். போலீஸ் வந்து கொண்டுபோனது. இன்று அவன் சிறையில் இருக்கிறான்.

மறுநாள் ஆஸ்பத்திரியில் செல்வியின் கட்டிலருகே உட்கார்ந்திருந்தேன். மன்னிப்புக் கேட்டேன். அவள் அதைக் காதில் வாங்கவே இல்லை. சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னாள்:

"டீச்சர், யார்கிட்டயும் சொல்லாதீங்க. நேத்து சாமி வரல. சாமிக்கு மட்டுந்தான் அவரு பயப்படுவாரு. அதான் ஆடுனேன். காளியம்மா பேர்ல பொய் சொல்லிட்டேனே, மன்னிப்பாளா?"

"கல்யாணமாகிப் பதினோரு வருஷம் கத்தாத உனக்கு அந்தக் குரல் எங்கேருந்துமா வந்துச்சு?" என்று கேட்டேன்.

கட்டுப் போட்ட கையைத் திருப்பிப் பார்த்தாள். "அதான் எனக்கும் தெரியல லா" என்றாள்.

எனக்குத் தெரிந்துவிட்டது, அது தாய் கொடுத்த குரல். அவள் சம்மதித்த பிறகுதான் இதை உங்களிடம் சொல்கிறேன். "எல்லாருக்கும் சொல்லுங்க, என்னை மாதிரி இருக்கிறவங்க கேக்கட்டும்" என்றாள்.

சுரேஷுக்கு இரண்டு விரல்கள் இன்னும் சரியாக நீளுவதில்லை. இந்த வருஷமும் அந்தக் கையோடுதான் வகுப்பெடுக்க வந்தார். நானும் மாறிவிட்டேன். ஒவ்வொரு தாளையும் முதலில் நான் படிக்கிறேன். ஒட்டலாமா என்று பிள்ளையைத் தனியாகக் கேட்கிறேன். துணிக்கட்டைப் பார்த்தால் நகர்ந்து போவதில்லை. தாயைக் கூப்பிடுங்கள், பிள்ளைகளே. வாய்க்கு வந்தபடி கூப்பிடுங்கள். கூப்பிட்ட பிறகு, கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பவரையும் திரும்பிப் பாருங்கள்.

செல்வி இப்போது பிள்ளைகளோடு ஈப்போவில் இருக்கிறாள். இந்த வருஷ விடுமுறை வகுப்புக்குத் தர்ஷினியை அவளே கூட்டி வந்தாள். அந்தப் பழைய தலைப்பைக் கொடுக்க எனக்குத் தைரியம் இல்லை. தர்ஷினிதான் கேட்டு வாங்கி எழுதினாள். படித்தேன். ஒட்டலாமா என்று கேட்டேன். தலையாட்டினாள். அந்தத் தாளை இன்று காளியம்மாவின் காலடியில் வைக்கக் கொண்டுவந்திருக்கிறேன்.

"நேற்று எங்கள் வீட்டில் ஒன்றும் நடக்கவில்லை. தோசை சாப்பிட்டோம். தூங்கினோம்."