வலக்கை தேடிய கயிறு

மாணிக்கத்தின் துண்டு ரோலரில் சிக்கியபோது நான் நாலடி தூரத்தில்தான் நின்றேன். பெல்ட்டை நிறுத்தும் கயிறு கைக்கு எட்டும் இடத்தில் இருந்தது. ஆனாலும் என்னால் உடனே இழுக்க முடியவில்லை. இப்போது வேலை பழக வந்திருக்கும் உங்களுக்காகத்தான் இதைச் சொல்கிறேன், தம்பிகளா.

அறுபதுகளின் தொடக்கம். நெய்வேலிச் சுரங்கத்தில் வெட்டிய மண்ணைக் கொண்டுபோக நீளநீளமான ரப்பர் பெல்ட்டுகள் ஓடின. அதுவரை ஏர் ஓட்டியும் கரும்பு வெட்டியும் பிழைத்த எங்களைப் பெல்ட் பார்க்கும் வேலைக்கு எடுத்தார்கள். பாதிப் பேருக்குப் படிக்கத் தெரியாது. அதனால் டிரெயினிங் கொடுத்த சுந்தரம் சார் கரும்பலகையைத் தொடவே இல்லை. மைதானத்தில் கழி நட்டு, இடுப்பு உயரத்தில் மணி கோத்த ஒரு கயிறு கட்டினார். மண்கூடையைத் தூக்கிக்கொண்டு அதன் ஓரமாக ஒரே திசையில் சுற்றி வருவோம். கயிறு எப்போதும் வலக்கைப் பக்கம். அவரும் எங்களோடு சுற்றுவார். திடீரென்று "ஆபத்து!" என்று குரல் வரும். உடனே கயிற்றை இழுத்து மணி அடிக்க வேண்டும்.

முதல் நாள் குரல் வந்ததும் நாங்கள் "ஹோ... ஹோ..." என்று மாட்டை நிறுத்துவது போல அதட்டினோம். சார் தலையில் அடித்துக்கொண்டார்.

"நீங்க அதட்டினா நிக்கறதுக்கு இது என்ன மாடாப்பா? யோசிக்கவே கூடாது. கை தானா போகணும்!"

கை தானாகப் போகும்வரை மனுஷர் விடவில்லை. எங்களுக்கும் ஒரே பெருமை.

துண்டு சிக்கிய அன்றைக்கு எங்கள் இருவரையும் முதன்முதலாகப் பெல்ட்டின் மறுபக்கப் பாதையில் போட்டார்கள். மாணிக்கம் என் ஊர்க்காரன். ரோலரில் அப்பிய களிமண்ணை மண்வெட்டியால் சுரண்டிக்கொண்டிருந்தான். துண்டைக் கழற்றி வை என்றால் யார் கேட்டார்கள்? வேர்வை துடைக்க அதை மணிக்கட்டில் சுற்றியிருந்தான்.

"டேய் சின்னசாமி! இழுக்குதுடா!"

என் வலக்கை பாய்ந்தது. வெறும் காற்று. மறுபடி பாய்ந்தது. மறுபடியும் காற்று. கயிறு இடப்பக்கம் இருக்கிறது. கண் பார்க்கிறது, கை போகமாட்டேன் என்கிறது. அடப்பாவி, இது என் கைதானா? மாணிக்கத்தின் கை ரோலருக்குள் போய்க்கொண்டிருந்தது. என்ன தோன்றியதோ, என் உடம்பு அப்படியே திரும்பி நின்றது. கயிறு வலப்பக்கம் வந்தது. இழுத்துவிட்டேன்.

பெல்ட் நின்றபோது அவனுக்கு முழங்கைவரை தோல் உரிந்திருந்தது. உயிர் இருந்தது, கையும் இருந்தது.

ஃபோர்மேன் ஓடிவந்து என்னைப் பிடித்துக்கொண்டார். "கயிறு இந்தாண்ட இருக்குது, அந்தாண்ட என்னாய்யா துழாவிக்கினு இருந்த? கண்ணு தெரியலியா?"

"கண்ணு தெரிஞ்சுதுங்க. கை போவலீங்க."

"கதை வுடாத!"

மாணிக்கத்தை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிய பிறகு சுந்தரம் சார் வந்தார். நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். நின்றிருந்த பெல்ட்டின் ஓரம் அதே பாதையில் போய் நின்றார்.

"நான் நடக்கறேன். நீ எப்ப வேணும்னாலும் கத்து."

சிறிது தூரம் போகவிட்டு, "ஆபத்து சார்!" என்று கத்தினேன். கத்தப்போகிறேன் என்று அவருக்குத் தெரியும். கயிறு எந்தப் பக்கம் என்றும் தெரியும். அப்படியும் அவர் கை வலப்பக்கம்தான் பாய்ந்தது.

தன் கையையே பார்த்தபடி நின்றார். முகத்தில் ரத்தம் இல்லை. பிறகு ஃபோர்மேனிடம் மெல்லக் கேட்டார்.

"நான் டிரெயினிங் குடுத்தவங்க இப்ப எத்தனை பேர் இந்தப் பக்கம் நிக்கறாங்க?"

ஃபோர்மேன் மற்ற பெல்ட்டுகளை நிறுத்தச் சொல்ல டெலிபோனை நோக்கி ஓடினார். அந்தக் கனத்த மனிதர் அப்படி ஓடி நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

மறுநாளிலிருந்து மைதானத்தில் இரண்டு பக்கமும் கயிறு கட்டினார்கள். கை பழகியது மறக்காது என்று நீங்கள் பெருமையாகச் சொல்கிறீர்கள். உண்மைதான், தம்பிகளா. தப்பாகப் பழகியதையும் அது மறக்காது.