தானாக உள்ளே வந்த மேஸ்திரி

பிடித்து வந்தவர்களை உட்கார வைத்திருந்த மண்டபத்துக்குள், செருப்பை ஓரமாகக் கழற்றிவிட்டு, தலையைப் படிய வாரிக்கொண்டு, கல்யாணத்துக்கு வருகிறவரைப் போல நடந்து வந்தார் மேஸ்திரி. அந்தக் காட்சி இன்னும் என் கண்ணை விட்டுப் போகவில்லை. மற்ற எல்லாரையும் போலீஸ் வேனில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கியிருந்தார்கள். இவர் மட்டும் தன் பைக்கில் வந்து, அதை வேப்பமர நிழலில் நிறுத்தி, கேட்டில் நின்ற போலீஸ்காரருக்கு ஒரு வணக்கம் வைத்துவிட்டு உள்ளே நுழைந்தார். ஆபீஸ் அறை ஜன்னலில் என்னைப் பார்த்ததும் சிரித்தார். "அக்கா, இவங்களுக்கு சாப்பாடு ஆச்சா? சோறு நெறைய வடிக்கச் சொல்லுங்க, சப்பாத்தி கிப்பாத்தின்னு யாராவது சொல்லுவாங்க, கேக்காதீங்க" என்றார். கையில் பெரிய பையில் வறுத்த மல்லாட்டை வாங்கி வந்திருந்தார்; வேர்க்கடலைக்கு எங்கள் பக்கத்தில் அதுதான் பெயர்.

திண்டிவனத்தில் இருக்கும் இந்தக் கல்யாண மண்டபத்துக்கு நான் மேனேஜர். கல்யாணம் இல்லாத நாட்களில் எங்கள் மண்டபத்துக்கு இன்னொரு வேலை உண்டு என்பதை வெளியூர்க்காரர்களுக்குச் சொல்லியாக வேண்டும். ஏதாவது ஒரு கட்சி மறியல் செய்யும். போலீஸ் அவர்களைக் கைது செய்யும். அத்தனை பேரை அடைக்க ஸ்டேஷனில் இடம் ஏது? நேராக இங்கே கொண்டுவந்து விடுவார்கள். மத்தியானம் சாப்பாடு, மின்விசிறிக்குக் கீழே ஒரு தூக்கம், கொஞ்சம் கோஷம், சாயங்காலம் ஆறு மணிக்கு விடுதலை. கட்சிக்காரர்கள் எனக்கு முன்கூட்டியே போன் பண்ணுவார்கள். "மேனேஜரம்மா, செவ்வாக்கிழமை மண்டபம் காலியா? நாங்க கைதாகலாம்னு இருக்கோம்" என்பார்கள். முகூர்த்த நாள் என்றால் போராட்டத்தைத் தள்ளி வைத்துக்கொண்ட புண்ணியவான்களும் உண்டு. ஆறு மணிக்குப் பெண்டாட்டி பிள்ளைகள் கேட்டுக்கு வந்து, கைதாகி வெளியே வருகிற தலைவரை வண்டியில் ஏற்றிக்கொண்டு போவார்கள்.

மேஸ்திரியும் ஒருமுறை அப்படிக் கைதாகியிருக்கிறார். சாப்பாட்டுக் கூடத்துக்கு டைல்ஸ் ஒட்டிக்கொண்டிருந்தபோது மறியல்காரர்களைக் கொண்டுவந்து விட்டார்கள். எண்ணிக்கை எடுத்தவர் இவரையும் சேர்த்து எண்ணிவிட்டார். கணக்கு உதைக்கும் என்று சாயங்காலம் வரை வெளியே விடவில்லை. இவரும் கட்சிக்காரர்களோடு உட்கார்ந்து பிரிஞ்சி சாப்பிட்டு, ஆறு மணிக்கு அவர்களோடேயே வெளியே போனார். அந்தக் கதையை எத்தனை பேரிடம் சொல்லியிருப்பாரோ தெரியாது. "போலீஸ் புடிச்சா அடிப்பான்னுதான் நான் கேள்விப்பட்டது. இங்க என்னடான்னா எல போட்டுச் சோறு போடறான்" என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். அந்த ஒரு நாள் அனுபவத்தை அவர் முழுசாக நம்பியதுதான் பிறகு நடந்த எல்லாவற்றுக்கும் காரணம்.

அவரை நாங்கள் வடக்கத்தி ஆள் என்று மட்டும்தான் நினைத்திருந்தோம். எங்களுக்குச் சென்னைக்கு அந்தப் பக்கம் எல்லாமே வடக்குதான். வாலிபத்தில் ஒரு கான்ட்ராக்டரோடு இந்தப் பக்கம் வந்தவர், ஓமந்தூர்ப் பக்கத்தில் ஒரு மாதா கோயிலுக்குத் தரை போடப் போய், கலவை எடுத்துக் கொடுத்த பெண்ணையே அந்தக் கோயிலில் கட்டிக்கொண்டார். அவள் அப்பா காலமெல்லாம் அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை செய்தவர். மருமகன் தனக்கென்று ஒரு தொழில் வைத்திருக்கிறான் என்பதே அவருக்குப் பெரிய சந்தோஷம். பிறகு ஒரு மகள் பிறந்தாள். மேஸ்திரியின் தமிழ் அசல் எங்கள் ஊர்த் தமிழ். வேலை தாமதமானால், "ஜல்தியா முடிச்சிர்றேன்க்கா, இந்தக் கரண்டுதான் பேஜாரு பண்ணிக்கினு கீது" என்பார். கோபம் வந்தால் மட்டும் வேறொரு பாஷையில் முணுமுணுப்பார். அது எந்த பாஷை என்று நாங்கள் யாரும் கேட்டதில்லை.

அந்த வருஷம் டெலிவிஷனைத் திறந்தால் இதே பேச்சு. திருட்டுத்தனமாக எல்லை தாண்டி வந்தவர்களை எல்லாம் பிடித்து மூட்டை கட்டி அனுப்ப வேண்டும் என்று நான்கு பேர் உட்கார்ந்து கத்திக்கொண்டிருந்தார்கள். எனக்குச் சிரிப்பாகத்தான் இருந்தது. கல்யாணத்துக்கு வந்த கூட்டத்தில் யார் மாப்பிள்ளை வீடு, யார் பெண் வீடு என்று பிரித்து, சரியான பஸ்ஸில் ஏற்றி அனுப்ப என்னால் ஒருநாளும் முடிந்ததில்லை. அதுவும் சிரித்துக்கொண்டே கிளம்பத் தயாராக இருக்கிறவர்களை. போக மாட்டேன் என்கிறவனை, அவன் எந்த வீட்டுக்காரன் என்றே தெரியாமல், அவன் பேச்சும் புரியாமல், எப்படிப் பிரிப்பது? சட்டம் என்று ஒன்று இருந்தால் அதை நடத்தத்தான் வேண்டும் என்பதில் எனக்கு மறுபேச்சு இல்லை. ஆனால் கூட்டத்தை மேய்த்துப் பழகியவர்கள் யாரும் அந்த நான்கு பேரில் இல்லை என்பது பார்த்ததுமே தெரிந்தது.

மேலிடத்திலிருந்து உத்தரவு வந்து, எங்கள் இன்ஸ்பெக்டர் செங்கல் சூளை, கல் குவாரி, கட்டட வேலை நடக்கும் இடம் என்று ஒவ்வொன்றாகப் போய் ஆட்களை ஏற்றிக்கொண்டு வந்தார். நல்ல மனிதர். மறியல்காரர்களிடம்கூட வாங்க போங்க என்றுதான் பேசுவார். முதல் நாளே மண்டபம் திணறிவிட்டது. தண்ணீர்த் தொட்டி மத்தியானத்துக்குள் காலி. கக்கூஸ் வாசலில் வரிசை. மறியல் என்றால் சாப்பாட்டைக் கட்சி பார்த்துக்கொள்ளும், இவர்களுக்கு எந்தக் கட்சி இருக்கிறது? மூன்றாம் நாள் மண்டபத்தில் ஒரு நிச்சயதார்த்தம் வேறு. பெண் வீட்டார் தாம்பாளத்தோடு வந்து இறங்கினால் நான் என்ன சொல்வது என்று கேட்டேன். "எனக்கே தெரியலம்மா. ஏத்திக்கினு வரச் சொன்னாங்க, வந்துட்டேன். எங்க எறக்கறதுன்னு யாரும் சொல்லல" என்றார் இன்ஸ்பெக்டர். உண்மையிலேயே பயப்பட வேண்டியவர்கள், சேதி காதில் விழுந்ததுமே ரயிலேறிப் போய்விட்டார்கள் என்று சூளை முதலாளி என்னிடம் சொன்னார். மடியில் கனமில்லாதவர்கள்தான் வழக்கம்போல வேலைக்கு வந்து மாட்டிக்கொண்டார்கள்.

அவர்களோடு பேச ஆள் இல்லை. ஒரு போலீஸ்காரருக்கு இந்தி தெரியும் என்றார்கள். அவர் பேசியது அவருக்கு மட்டுமே புரிந்தது. அந்த நேரத்தில்தான் மேஸ்திரி வந்தார். பிடிபட்டவர்களில் இரண்டு பேர் அவரிடம் கலவை போடுகிறவர்கள். "இவங்க பேசறது எனக்குத் தெரியும் சார். நான் கேட்டுச் சொல்றேன், நீங்க எழுதிக்கோங்க. சாயங்காலத்துக்குள்ள முடிச்சிரலாம்" என்றார். இன்ஸ்பெக்டர் எழுந்து நாற்காலி போட்டார். மேஸ்திரி தன் மனைவிக்குப் போன் பண்ணி, ஆறு மணிக்குக் கேட்டுக்கு வா, மார்க்கெட்டுக்குப் போய்விட்டு வீட்டுக்குப் போகலாம் என்று சொன்னதை நான் கேட்டேன். மண்டபத்தில் அடைபட்டவன் ஆறு மணிக்கு வெளியே வருவான். எங்கள் ஊரில் பிறந்தவர்களுக்கே அதில் சந்தேகம் இருந்ததில்லை. அவருக்கு மட்டும் எப்படி வரும்?

அன்று மத்தியானம் முழுக்க அவர் பேசிய பேச்சு இருக்கிறதே! அழுதவனைத் தட்டிக்கொடுத்தார். முரண்டு பிடித்தவனை அதட்டினார். மல்லாட்டையை எல்லாருக்கும் கைக்கு ஒரு பிடி கொடுத்தார். ஒவ்வொருவரிடமும் ஒரே விஷயத்தைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார். நடுநடுவே எனக்கும் தமிழில் சொன்னார்: "பொய் சொல்லாத, உள்ளத உள்ளபடி சொல்லுன்னு சொல்லிக்கினு இருக்கேன்க்கா. பொய் சொன்னாதான் பேஜாரு. இந்த ஊரு நல்ல ஊரு, சாயந்தரம் விட்டுடுவாங்க." கேட்கக் கேட்க அவர்களும் ஊர், ஜில்லா, அப்பா பெயர் என்று சொல்ல ஆரம்பித்தார்கள். எல்லாம் எல்லைக்கு இந்தப் பக்கத்து ஊர்கள். விழுப்புரத்திலிருந்து வந்திருந்த அதிகாரி ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசியில், மொழிபெயர்த்தவரின் விவரமும் வேண்டும் என்று அந்த அதிகாரி சொன்னார். சும்மா ஒரு சடங்குக்காகத்தான். இன்ஸ்பெக்டர் பேனாவைத் திறந்துகொண்டு, "உங்களுக்கு எந்த ஊரு மேஸ்திரி?" என்று கேட்டார். மேஸ்திரி ஒரு ஊரின் பெயரைச் சொன்னார். ஆற்றங்கரை ஊர் என்றார். எந்த மாநிலம் என்று கேட்டார் இன்ஸ்பெக்டர். "மாநிலம் இல்ல சார். அது பார்டருக்கு அந்தாண்ட பக்கம். நான் சின்னப் புள்ளையில எங்கப்பாகூட படகுல வந்தேன்" என்றார் மேஸ்திரி. இன்ஸ்பெக்டர் எழுதவில்லை. அவர் பேனா தாளின் மேலேயே நின்றது. "நல்லா யோசிச்சிச் சொல்லுங்க மேஸ்திரி" என்றார், ஒவ்வொரு வார்த்தையாக. புத்தியுள்ள எவனும் அந்தக் குரலைப் புரிந்துகொண்டிருப்பான். மேஸ்திரியும் புரிந்துகொண்டார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அவர் திரும்பி, தரையில் உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்தார். மத்தியானத்திலிருந்து அவர் சொன்ன பேச்சைக் கேட்டவர்கள் அத்தனை பேரும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். "யோசிக்க என்ன சார் கீது? அதான் சார் ஊரு" என்றார்.

ஆறு மணிக்கு அவர் மனைவி மகளோடு வந்து கேட்டில் நின்றாள். மார்க்கெட் பை கையில் இருந்தது. அவளிடம் விஷயத்தைச் சொல்லும் வேலை எனக்குத்தான் வந்தது. "வெளையாடாதீங்கக்கா, அவரு பேசத்தானே வந்தாரு?" என்று அவள் இரண்டு மூன்று முறை கேட்டாள். மற்றவர்கள் மறுநாளிலிருந்து கொஞ்சம் கொஞ்சம் பேராக வெளியே போனார்கள். நிச்சயதார்த்தத்துக்குள் மண்டபம் காலியாகிவிட்டது. அத்தனை வேன், அத்தனை போலீஸ், அத்தனை சோறு, எல்லாவற்றுக்கும் பிறகு அந்த மண்டபத்திலிருந்து நாடு கடத்துவதற்கு என்று கிடைத்தது ஒரே ஒரு ஆள், யாரும் பிடித்து வராத ஆள்.

விழுப்புரம் கோர்ட்டுக்கு நானும் அவளோடு பலமுறை போனேன். ஆதார் இருக்கிறது, ரேஷன் அட்டை இருக்கிறது என்றோம். அதெல்லாம் இப்போது செல்லாது என்றார்கள். வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் ஒருவராலும் ஒன்றும் செய்திருக்க முடியாது என்று வக்கீல் தலையில் அடித்துக்கொண்டார். இன்ஸ்பெக்டர் ஒருநாள் சாதாரண உடுப்பில் மண்டபத்துக்கு வந்து, "அந்தக் கேள்விய நான் கேட்டிருக்கக் கூடாதும்மா. உதவிக்கு வந்த மனுஷன்" என்று சொல்லிவிட்டுப் போனார். மேஸ்திரியை முகாமில் வைத்தார்கள், பிறகு ரயிலில் ஏற்றினார்கள், பிறகு எல்லையில் கொண்டுபோய் விட்டார்கள். அங்கே போய்ப் பார்த்தால் அவர் சொன்ன ஊர் இல்லை. எப்போதோ வெள்ளத்தில் கரை இடிந்து, ஊரையே ஆறு எடுத்துக்கொண்டு போய்விட்டதாம். இத்தனை பேர் கூடி, இத்தனை காலம் எடுத்து, ஒரு மனிதனைத் தண்ணீருக்குள் இருக்கும் ஊருக்கு அனுப்பி வைத்திருக்கிறோம். நினைத்தால் எனக்கு ஆற மாட்டேன் என்கிறது.

இப்போது அவர் அங்கே ஏதோ ஒரு பெரிய பட்டணத்தில் டைல்ஸ் ஒட்டுகிறார். வாரத்துக்கு ஒருமுறை வீடியோ போனில் வருவார். கூட வேலை செய்கிறவர்கள் அவரை மெட்ராஸ்காரன் என்று கூப்பிடுகிறார்களாம். அவர் பேசும் பாஷையில் பாதிக்குப் பாதி தமிழ் கலந்துவிடுகிறது என்று சிரிக்கிறார்களாம். "இங்க எனக்கு ஒண்ணும் குறையில்லக்கா. ராத்திரி சாப்பிடறப்பதான் ஒரு மாதிரி இருக்குது" என்றார். முதலில் எல்லாம் எப்போது திரும்பி வரலாம் என்று கேட்டுக்கொண்டே இருப்பார். இப்போது கேட்பதில்லை. இங்கே சூளைகளில் மறுபடியும் கூட்டம். ரயிலேறிப் போனவர்களில் பலர் திரும்பி வந்துவிட்டார்கள் என்று பேசிக்கொள்கிறார்கள். டெலிவிஷனில் அந்த நான்கு பேர் வேறு விஷயத்துக்குப் போய்விட்டார்கள்.

போன மாதம் மேஸ்திரியின் மனைவி மண்டபத்துக்கு வந்தாள். தனக்கும் மகளுக்கும் பாஸ்போர்ட் வந்துவிட்டது, அவரிடம் போகப் போகிறேன் என்றாள். சென்னையைத் தாண்டி எங்கும் போகாதவள். எத்தனை நாளைக்கு விசா தருவார்கள் என்று கேட்டேன்.

"ஒரு மாசமோ என்னவோ சொன்னாங்கக்கா."

"அது முடிஞ்சதும்?"

"முடிஞ்சா முடியட்டும். நான் அங்கியே இருந்துடுவேன்."

"அடிப்பாவி, உன் புருஷன எதுக்காக அனுப்புனாங்களோ அதையேதான் நீ அங்க போய்ப் பண்ணப் போற. அவங்க புடிச்சிட்டா என்ன பண்ணுவ?" என்று கத்தியே விட்டேன்.

அவள் கோபப்படவில்லை. இதையெல்லாம் என்றைக்கோ யோசித்து முடித்தவளைப் போல நிதானமாகப் பேசினாள். "புடிச்சா என்னக்கா? ஏத்தி எங்க ஊருக்கு அனுப்புவாங்க. என்னை அனுப்பறதுக்கு ஓமந்தூர் இருக்குது. அவரத்தான் எங்கியும் அனுப்ப முடியாது."