டிக் போட்ட கதவு

நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். ஆனால் இது சத்தியமாக நடந்தது, என் சின்ன அக்காவுக்கு. பேய் என்று யாராவது ஆரம்பித்தால் "போடா, எனக்குப் பரீட்சைதான் பேய்" என்று சிரிப்பவள் அவள். இதைச் சொல்லும்போது மட்டும் இன்றைக்கும் அவள் சிரிப்பதில்லை.

அப்போது அவள் பல்கலைக்கழகத்தில் பொதுச் சுகாதாரம் படித்துக்கொண்டிருந்தாள். ஊரில் ஒரு கெட்ட காய்ச்சல். மாணவர்கள் வீடு வீடாகப் போய் விசாரித்து, கதவில் சாக்பீஸால் அடையாளம் போட வேண்டும். காய்ச்சல் இருந்தால் வட்டம். இல்லையென்றால் டிக். பின்னால் வரும் டாக்டர்கள் வட்டம் போட்ட கதவை மட்டும்தான் தட்டுவார்கள்.

அன்றைக்குக் கடைசியாக ஒரு நாலு மாடிக் கட்டடம். லிஃப்ட் கிடையாது. நாலாம் மாடிக் கோடியில் ஒரே ஒரு கதவு பாக்கி. அக்காவுக்குக் கால் கெஞ்சியது, வயிறு கூப்பாடு போட்டது. தட்டவில்லை. ஒரு டிக் போட்டுவிட்டு இறங்கிவிட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் உறுத்தல் ஆரம்பித்தது. சாப்பாடு இறங்கவில்லை. "ஒரு வீடுதானேடி, விட்டுத் தள்ளு" என்றாள் கூடப் படித்தவள். அக்காவால் விடவும் முடியவில்லை, பேராசிரியரிடம் சொல்லவும் தைரியம் வரவில்லை. உள்ளே யாராவது காய்ச்சலில் படுத்திருந்தால்? ஒரு வாரம் இன்றைக்கு, நாளைக்கு என்று தள்ளிப்போட்டாள். பிறகு தனியாகவே கிளம்பிப் போனாள்.

மத்தியானம் மூன்று மணி. சுள்ளென்று வெயில். அந்தக் கோடியில் மட்டும் ஏனோ குளிர்ந்தது...

தட்டினாள்.

"யாரு?"

பெண் குரல். கதவின் அடியிலிருந்து வந்தது. தரையில் படுத்துக்கொண்டு பேசுவதைப் போல.

"யுனிவர்சிட்டியிலேர்ந்து வரேங்க. காய்ச்சல் விசாரிக்க..."

"போன வாரமே வந்தீங்களே."

அக்காவின் பார்வை கதவில் தான் போட்ட டிக்குக்குப் போனது.

"சாக்பீஸ் சத்தம் கேட்டுச்சு."

"தப்புதாங்க... மன்னிச்சுடுங்க. இப்ப கேக்கறேன். வீட்ல எத்தனை பேரு?"

"ஒருத்தி இருந்தா."

"காய்ச்சல் இருக்கா?"

"விட்டுடுச்சு."

கதவுக்கு அந்தப் பக்கம், கீழே, ஏதோ உரசியது.

கிறீச்...

மெதுவாக.

கிறீச்...

வட்டமாக.

அக்கா படிகளை எப்படி இறங்கினாள் என்று அவளுக்கே தெரியாது. வாசலில் வாட்ச்மேன் அவளைப் பிடித்து உட்கார வைத்து, எந்த வீட்டிலிருந்து வருகிறாள் என்று கேட்டார். சொன்னாள்.

"நாலாம் மாடி கோடி வீடா? அது காலியா கிடக்கேம்மா. தனியா இருந்த அம்மா. உங்க ஆளுங்க வந்துட்டுப் போன மறுநாள் காய்ச்சல்ல போயிட்டாங்க. கதவுகிட்டயே விழுந்து கிடந்தாங்க."

"இல்லண்ணே... இப்பதான் என்கிட்ட பேசினாங்க."



"அவங்களா? பேசினாங்களா? தொண்டையில ஆபரேஷன் பண்ணதுலேர்ந்து அவங்களுக்குக் குரலே கிடையாதும்மா. கத்திக் கூப்பிடக்கூட முடியாது. யாராவது கதவைத் தட்டினாத்தான் உண்டு."