தோல் ஒட்டும் வரை

ஆம்பூரில் தோல் தொழிலில் என்னைத் தெரியாதவன் கிடையாது. நாலாங்கிளாஸோடு படிப்புக்கு முழுக்குப் போட்டு, தோல் சுரண்டுகிற வேலைக்குப் போய், சொந்தமாக ஷூ அப்பர், அதாவது மேல்பாகம், தைக்கிற யூனிட் போட்டவன் நான். அப்படிப்பட்ட என்னையே பேஜார் பண்ணிவிட்டது என் மகளுக்கு நடந்த ஒரு ஆபரேஷன்.

அவள் டீச்சர். வயசுக்கு வந்ததிலிருந்து அக்குளில் நாத்தம் ஜாஸ்தி. குளித்துப் பவுடரை அள்ளிக் கொட்டிக்கொண்டு போனாலும் முதல் பீரியட் முடிவதற்குள் வந்துவிடும். பசங்கள் மூக்கைப் பொத்துவார்களாம். "எல்லாம் உங்க தொழில் நாத்தந்தாம்பா" என்று பழி என் மேல். அவளைப் படிக்கவைத்ததே அந்தத் தொழில்தான்!

வேலூர் டாக்டர் சொன்ன பிறகுதான் அந்தப் பழி தீர்ந்தது. கோளாறு தோலுக்கடியில் இருக்கிற வேர்வைச் சுரப்பியில். ரெண்டு அக்குளையும் திறந்து, சுரண்டி எடுத்துவிட்டு, தோலைத் திரும்ப மூடித் தைத்தார்கள்.

"ஆபரேஷனை விட அதுக்கு அப்புறம்தான் கவனம் வேணும்" என்றார் டாக்டர். "தோல் கீழே இருக்கிற சதையோட ஒட்டணும். அதுக்குத்தான் பஞ்சு வெச்சு இறுக்கிக் கட்டியிருக்கோம். நான் சொல்ற வரைக்கும் கையைத் தூக்கவே கூடாது. உள்ளே ரத்தம் கட்டினா தோல் கறுத்துச் செத்துடும். வீக்கமோ காய்ச்சலோ வந்தா உடனே கூட்டிட்டு வாங்க."

எனக்கு இதை ரெண்டாம் தரம் சொல்ல வேண்டியதில்லை. அப்பரில் லைனிங் ஒட்டி வெயிட் வைத்த பிறகு, காய்வதற்குள் எவனாவது இழுத்துப் பார்த்தால் உப்பிக்கொள்ளும். பீஸ் ரிஜெக்ட். என் யூனிட்டில் அப்படி இழுத்தவன் என் வாயிலிருந்து தப்பியதில்லை.

மேல் அலமாரிச் சாமானையெல்லாம் கீழே இறக்கினேன். தலை வாருவது அவள் அம்மா. கரண்ட் போனால் வேர்த்துக் கட்டு நனையுமே என்று யூனிட் ஜெனரேட்டரையே வீட்டுக்குக் கொண்டுவந்தேன். எவன் செய்வான்?

விஷயம் வெளியே தெரியக் கூடாது என்று மகள் சத்தியம் வாங்கியிருந்தாள். கேட்டவர்களிடம் "கட்டி" என்றோம். வினையே அதுதான். எங்கள் சர்ச் ஜனத்தில் கட்டி என்று காதில் விழுந்தால் ஜெபக்குழு வராமல் இருக்காது. என் மனைவியின் அக்கா ஹால் நிறையப் பெண்களோடு வந்து இறங்கினார். பாட்டு முடிந்து, "எல்லாரும் கையை உசத்தி ஸ்தோத்திரம் சொல்லுங்க" என்றார்.

எல்லாக் கையும் மேலே போனது. என் மகள் கை மடியில்.

"இன்னா பாப்பா, விசுவாசம் இல்லியா? தூக்கும்மா."

"வலிக்கும்க்கா, வுடுங்க" என்றேன்.

"நீங்க சும்மா இருங்க தம்பி. இந்த அவிசுவாசத்தாலதான் கட்டியே வருது."

கண்ணை மூடிய ரெண்டு பெண்கள் ஆளுக்கொரு பக்கம் மணிக்கட்டைப் பிடித்துத் தூக்கினார்கள். மகள் "அம்மா" என்று முனகினாள். என்னால் பொறுக்க முடியவில்லை.

"கட்டியும் இல்ல, ஒண்ணும் இல்ல! அக்குள் நாத்தத்துக்கு ஆபரேஷன்! கையைத் தூக்கினா தோல் பிஞ்சிடும், வுடுங்க!"

விட்டார்கள்.  அப்புறம் அந்த அக்கா, "இதுக்கா ஆபரேஷன்? எலுமிச்சம்பழம் தேச்சா போதுமே" என்றார். மகள் எழுந்து உள்ளே போனாள். கையால் முடியாததால் கதவைக் காலால் உதைத்துச் சாத்தினாள்.

அன்று சாயங்காலமே வலது பக்கம் உப்பிக்கொண்டது. காரை எடுத்து வேலூருக்கு ஓட்டினேன். டாக்டர் ஊசியால் ரத்தத்தை உறிஞ்சி எடுத்து மறுபடி இறுக்கிக் கட்டினார். "இன்னும் கொஞ்சம் தூக்கியிருந்தா தோல் போயிருக்கும். நல்ல வேளை தடுத்தீங்க" என்றார். மகளைப் பார்த்தேன். அவள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தோல் ஒட்டிவிட்டது. நாத்தம் போனது. ஆனால், "ஊர் பூரா தெரிஞ்சுபோச்சேப்பா" என்று சொல்லி, தெரிந்த முகமே இல்லாத ஜோலார்பேட்டைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை தேடிக்கொண்டாள். என்னிடம் பேச்சு கம்மி.

அவள் போகிற பஸ்ஸை ஒருநாள் பார்த்தேன். முன்பெல்லாம் கூட்டத்திலும் கையை ஒடுக்கி சீட் கம்பியைத்தான் பிடிப்பாள். இப்போது மேல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். அந்தக் கை மேலே போனது யாரால் என்று கேட்டால் டாக்டரால் என்பாள். கத்தினவன் நான்.