வெங்காயக்காரர் மட்டம் பார்த்த புல்தரை

அவுஸ்திரேலியாவிலிருந்து திரும்பி வந்த முதலாளி, உரும்பிராயில் தன் வீட்டுக்குப் பின்னால் பந்துருட்டும் புல்தரை ஒன்று போட நினைத்தார். கனத்த பந்தை உருட்டி, தூரத்தில் கிடக்கும் சின்ன வெள்ளைப் பந்துக்குக் கிட்ட நிறுத்தவேண்டும், அதுதான் விளையாட்டு. தரையில் சிறு மேடு இருந்தாலும் பந்து வழிமாறும். பொங்கலுக்கு மறுநாள் போட்டி. தரை போட என்னைப் பிடித்தார்; நன்றாக அமைந்தால் நிரந்தர வேலை, தங்க ஓர் அறை. எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டுப் பல ஊர் அலைந்தவன் நான். டுபாய் ஹோட்டல் ஒன்றில் நாலு வருஷம் புல் பராமரித்திருந்தேன். அறை எனக்குத்தான் என்று நம்பினேன்.

நூல் கட்டி, மட்டப்பலகை வைத்து நிலத்தைச் சரிப்படுத்தினேன். பக்கத்துத் தோட்டத்து வெங்காயக்காரர் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

"தம்பி, கிழக்கு மூலை பள்ளம்."

"மட்டப்பலகை பொய் சொல்லாது அண்ணை."

"தண்ணியை விட்டுப் பாருமன்."

வெங்காயப் பாத்திக்கு விடுவதுபோல வாய்க்கால் வெட்டித் தண்ணீர் விட்டார். அது நேரே கிழக்கு மூலையில் போய்த் தேங்கியது. அன்றிலிருந்து எதற்கும் முதலாளி, "அண்ணையைக் கேளும்" என்பார். புல் படர்ந்த பிறகு அண்ணை காலையில் வெறுங்காலோடு ஒரு நடை நடந்துவிட்டுப் போவார். அவருக்குத் தேத்தண்ணியை முதலாளியே கொண்டுவந்து கொடுப்பார். நான் குசினிக்குப் போய் எடுக்கவேண்டும்.

போட்டிக்கு நாலு நாள் இருக்க, அண்ணை சந்தைக்குப் போயிருந்த நேரம், நானே தரையை முடித்துக் காட்ட நினைத்தேன். தண்ணீர் விட்டு ஈரத்தோடு, தரையை அழுத்தும் இரும்பு றோலரை இழுத்தேன். டுபாய் மணலில் அப்படித்தான் செய்வோம். இங்கே செம்மண் றோலரில் ஒட்டி, புல்லோடு பாய்போல உரிந்து வந்தது.

திரும்பி வந்தவர் பார்த்தார். "என்ன தம்பி, வெங்காயம் நடப்போறீரோ?"

உரிந்த இடத்தில் புல்லை வெட்டி வைத்து ஒட்டுப் போட்டோம். அந்த ஒட்டில் ஒரு மேடு மட்டும் நின்றுவிட்டது.

போட்டியன்று முதல் பந்தை உருட்ட முதலாளி அண்ணையைத்தான் கூப்பிட்டார். பந்தின் ஒரு பக்கம் கனம், அந்தப் பக்கமாக வளையும் என்று அவருக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான். பந்து என் ஒட்டைச் சுற்றி வளைந்துபோய் வெள்ளைப் பந்தை முட்டி நின்றது. எல்லோரும் கைதட்டினார்கள்.

"அண்ணை, இனி இதை நீங்களே பாருங்கோ," என்றார் முதலாளி.

"எனக்கு வெங்காயம் கிடக்கு. உந்தத் தம்பியையே வைச்சிருங்கோ. இனி ஈரத்திலை இழுக்கமாட்டார்."

சிரித்தார்கள். அவர் வேண்டாமென்ற வேலை எனக்குக் கிடைத்தது.

இப்போதும் சந்தைக்குப் போகிற வழியில் சைக்கிளை நிறுத்தி வேலிக்கு மேலால் பார்க்கிறார். என்னையல்ல, தரையை. அவர் தலை தெரிந்ததும் நான் அந்த ஒட்டின்மேல் போய் நின்றுகொள்கிறேன்.